ராஜபார்ட் யாருக்கு?

1973 கோடையில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் குளக்கரையில் இருக்கும் டெலகார்ட் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நடந்தது. லியராக நின்றவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, திக்குவாய் காரணமாகச் சிறுவயதில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பேசாமலே வளர்ந்த கறுப்பின நடிகர். லியரின் மூன்று மகள்களாக நடித்த ரோசலிண்ட் கேஷ், எலன் ஹாலி, லீ சேம்பர்லின் மூவரும் கறுப்பினப் பெண்கள். குளோஸ்டர் பிரபுவாக இத்தாலிய வம்சாவளியில் வந்த பால் சொர்வினோ. மண உறவுக்கு வெளியே அவருக்குப் பிறந்த மகன் எட்மண்டாக போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரவுல் ஹூலியா. ஏறத்தாழ 1,800 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கில் ஒருவரும் காசு கொடுத்து உள்ளே வரவில்லை.

அதே அரங்கு 1962-ல் திறக்கப்பட்டபோது முதலில் நடந்த நாடகம் 'வெனிஸ் நகர வணிகன்'. அதில் ஜோன்ஸுக்குக் கிடைத்தது மொராக்கோ இளவரசன் வேடம். இரண்டே காட்சி; தவறான பேழையைத் திறந்து, மணப்பெண்ணை இழந்து வெளியேறிவிடுவான். அதே கோடையில் 'புயல்' நாடகத்தில் அடிமை காலிபன். 1964-ல் ஒத்தெல்லோ. கறுப்பு நடிகர் என்றதும் எல்லாருக்கும் உடனே தோன்றக்கூடிய வேடங்கள் இவை. பிறகு 1972-ல் 'ஹாம்லெட்' நாடகத்தில் டென்மார்க் மன்னன் கிளாடியஸ். மறு ஆண்டு லியர். மொராக்கோவிலிருந்து லியர் வரை 11 ஆண்டுகள் ஆகின. ஒரே நடிகர், ஒரே மேடை, ஒரே தயாரிப்பாளர். அந்தத் தயாரிப்பாளரின் பெயர் ஜோசப் பாப்.

நடிகர் தேர்வு என்பது ஒத்திகைக் கூடத்தில் நடக்கும் கலை விவகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்த நாடகம், எந்த அரங்கு, டிக்கெட் என்ன விலை, யாருக்கு எத்தனை வாரச் சம்பளம் என்பதெல்லாம் இயக்குநர் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும். ராஜபார்ட் யாருக்கு, சேவகன் வேடம் யாருக்கு என்ற கேள்விக்கு அமெரிக்க மேடை தலைமுறை தலைமுறையாக ஒரே பதிலைச் சொல்லிவந்தது என்றால், அதற்கு நாடகாசிரியர்களைக் காட்டிலும் முதல் போட்டவர்கள்தான் பொறுப்பு. பாப் அந்தப் பதிலை மாற்றியவர். மேடையில் யார் நிற்பது, எதிரே இருக்கையில் யார் உட்காருவது என்ற இரண்டையும் ஒரே கேள்வியாக அவர் பார்த்தார். அவரிடமிருந்து இன்றைய நாடக உலகம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.

கறுப்பினத்தவர் ஷேக்ஸ்பியர் நடிப்பது பாப் காலத்தில் தோன்றிய புதுமை அல்ல. 1821-லேயே வில்லியம் பிரவுன் என்ற கறுப்பினத்தவர் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்தினார். கப்பலில் பணியாளாக இருந்து காசு சேர்த்தவர் அவர். குழு 'மூன்றாம் ரிச்சர்டு' நடத்தியது, கூட்டம் வந்தது. நகரத்தின் பெரிய வெள்ளையர் அரங்குக்குப் பக்கத்திலேயே அவர் மேடை போட்டபோது போலீஸ் வந்தது. நடிகர்களை மேடையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். இனி ஷேக்ஸ்பியரைத் தொட மாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள் என்று அக்காலப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. அதே நகரத்தில் பிறந்து வளர்ந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ் இங்கிருந்து ஒன்றும் ஆகாது என்று 1824-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1833-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நின்றார். ஐரோப்பா முழுக்கப் பாராட்டும் பதக்கமும் பெற்று 1867-ல் போலந்தின் வூட்ஜ் நகரில் இறந்தார். பிறந்த ஊர் மேடை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிராட்வேயில் வெள்ளை நடிகர்களுக்கு நடுவே ஒரு கறுப்பர் ஒத்தெல்லோவாக நடிப்பதை நியூயார்க் பார்க்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால் ராப்சன் நடித்த அந்த நாடகம் 296 காட்சிகள் ஓடியது. பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் அவ்வளவு நாள் ஓடியதே இல்லை. பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் நடிக்க மாட்டேன் என்று சுற்றுப்பயணத்தின்போது ராப்சன் மறுத்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கறுப்பினத்தவரை உள்ளே விடாத வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில் நடிப்பதில்லை என்று நடிகர் சங்கம் முடிவெடுத்தது. அந்த அரங்கின் நிர்வாகம் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறப்பதற்குப் பதிலாக நாடகத்தையே நிறுத்திவிட்டு 1948-ல் சினிமா கொட்டகையாக மாறிவிட்டது. 1952-ல்தான் எல்லாருக்குமான நாடக அரங்காக மறுபடி திறந்தது. நாட்டின் தலைநகரத்து நிலைமையே இது.

இதற்குப் பிறகு ஈராண்டில், 1954-ல், ஜோசப் பாப் தன் ஷேக்ஸ்பியர் பட்டறையைத் தொடங்கினார். இடம், மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு தேவாலயம். அவர் 1921-ல் புரூக்ளினில் ஏழை யூதக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். இயற்பெயர் யோசல் பப்பிரோஃப்ஸ்கி. அப்பா பெட்டி செய்யும் தொழிலாளி. வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. ஷேக்ஸ்பியர் அவருக்கு அரசுப் பள்ளியிலும் இலவச நூலகத்திலும் கிடைத்த சொத்து. காசு கொடுத்து நாடகம் பார்க்கும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நூலகம் எதைக் கொடுத்ததோ, அதையே ஒரு நாடக அரங்கமும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை என்று சொல்லலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்தவை. இன சமத்துவமும் அப்படித்தான். கொள்கை விளக்கக் கூட்டம் போட்டு அவர் அதற்கு வந்து சேரவில்லை. நகரத்து மக்களுக்கு நாடகம் என்று அறிவித்துவிட்டு, அந்த மக்களில் ஒருவர் முகம்கூட மேடையில் தெரியாமல் எப்படி நாடகம் போடுவது?

1956-ல் ஈஸ்ட் ரிவர் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' போட்டார். சோதிடனாகவும் அடிமை பிண்டாரஸாகவும் நடித்தவர் ராஸ்கோ லீ பிரவுன். ஓட்டப்பந்தய வீரராக இருந்தவர், கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர், அப்போது ஒரு மதுபான நிறுவனத்தில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்த கறுப்பினத்தவருக்கு முதல் மேடையே ஷேக்ஸ்பியராக அமைந்தது அன்றைய அமெரிக்காவில் வேறு எங்கும் நடந்திருக்காது. அதே கோடையில் 'அடங்காப்பிடாரி' நாடகத்தைப் பார்க்க நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன் வந்தார். மழை பெய்து நாடகம் பாதியில் நின்றது. ஆனாலும் அந்த எளிய ஜனக் கூட்டத்தையும் அவர்கள் நாடகம் பார்த்த விதத்தையும் பற்றி அவர் எழுதியது பாப்புக்கு நன்கொடை தேடித் தந்தது.

மறு ஆண்டு டிரெய்லர் லாரி ஒன்றில் மடக்கி விரிக்கும் மேடையை ஏற்றிக்கொண்டு நகரத்தின் ஐந்து வட்டாரங்களையும் சுற்றினார்கள். லாரி ஓட்டை லாரி. கடைசியில் சென்ட்ரல் பார்க் குளத்தருகே வந்து நின்றதுதான், அங்கேயே நிலைத்துவிட்டது. டெலகார்ட் அரங்கு இருக்கும் இடம் இப்படி அமைந்ததே.

இலவசம் என்பதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பாப்பின் வேடப் பங்கீட்டைப் பாராட்டுபவர்கள் பலர் அவருடைய டிக்கெட் கொள்கையை ஏதோ தனி விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1958 ஜூன் மாதம் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. போருக்குப் பிறகு அவர் பணியாற்றிய ஹாலிவுட் நடிகர் பயிற்சிக் கூடம் ஏற்கெனவே கறுப்புப் பட்டியலில் இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் கம்யூனிஸ்டுப் பிரச்சாரத்தைப் புகுத்துகிறீர்களா என்று கேட்டார்கள். நாங்கள் போடுவது ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் என்றார் அவர். சகாக்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போது சி.பி.எஸ். தொலைக்காட்சியில் மேடை நிர்வாகியாக இருந்தார். வயிற்றுப்பாட்டுக்கு அந்த வேலைதான். அன்றே வேலை போயிற்று. தொழிற்சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போய் வேலையை மீட்டுத் தந்தது.

அடுத்த ஆண்டு வந்தவர் ராபர்ட் மோசஸ். பூங்காத் துறை ஆணையர். நியூயார்க்கின் நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் தன் விருப்பப்படி வரைந்தவர். அவரை எதிர்த்து வென்றவர்கள் குறைவு. பார்வையாளர்கள் மிதித்துப் புல் தேய்கிறது, அதைச் சரிசெய்ய டிக்கெட்டுக்கு 1 டாலர், 2 டாலர் வசூலியுங்கள், இல்லையென்றால் பூங்காவில் இடம் கிடையாது என்றார் மோசஸ். பாப்பின் அரசியலைப் பற்றிய மொட்டைக் கடிதம் ஒன்றும் சுற்றுக்கு விடப்பட்டது. பாப் வசூலிக்க மறுத்து நீதிமன்றம் போனார். 1959 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மோசஸின் நிபந்தனை தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்தது.

1 டாலரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஹார்லெமிலிருந்து நான்கு பிள்ளைகளோடு வரும் ஒரு கறுப்பினத் தாய்க்கு, அன்றைய கூலியில், அது நாடகமா இரவுச் சாப்பாடா என்று யோசிக்கவைக்கும் தொகை. டிக்கெட் விற்கும் இடத்தில் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் பேச வேண்டியதில்லை. விலையே ஆட்களைப் பிரித்துவிடும். மேடையில் பல நிறத்தாரை நிறுத்தி, எதிரே வெள்ளைப் பணக்காரர்களை மட்டும் உட்காரவைத்தால் அது சமத்துவம் ஆகாது. பாப் இதைக் கண்டுகொண்டிருந்தார். அதனால்தான் புல்வெளிச் சண்டையில் அவ்வளவு பிடிவாதம் காட்டினார்.

இனி நடிகர்களுக்கு வருவோம். 1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு லண்டன் நேஷனல் தியேட்டரில் லாரன்ஸ் ஒலிவியே உடம்பெல்லாம் கறுப்பு அரிதாரம் பூசிக்கொண்டு ஒத்தெல்லோ நடித்தார். உலகமே வியந்தது, படமாகவும் எடுத்தார்கள். அதே ஆண்டுக் கோடையில் சென்ட்ரல் பார்க்கில் கிளாடிஸ் வான் இயக்கத்தில் ஜோன்ஸ் ஒத்தெல்லோ நடித்தார். ஜூலையில்தான் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே மாதம் போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு கறுப்பினச் சிறுவன் பலியாக, ஹார்லெமில் கலவரம் வெடித்தது. அந்தக் கோடையிலேயே பாப்பின் நடமாடும் மேடை 'நடுவேனிற் கனவு' நாடகத்தை ஏற்றிக்கொண்டு வட்டாரம் வட்டாரமாகப் பூங்காக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒலிவியே மகா நடிகர்தான். ஆனால் கறுப்பரின் வாழ்வு மேடைக்கு வரும்போது கறுப்பு நடிகர் பார்வையாளர் வரிசையில்கூட இல்லாமல் போகலாம் என்ற ஏற்பாட்டின் கடைசிப் பெரும் கொண்டாட்டம் அவருடைய ஒத்தெல்லோ.

கறுப்பு லியர்கூட 1973-ல் முதன்முறையாக வரவில்லை. 1962-ல், டெலகார்ட் திறந்த அதே பருவத்தில், ஜமைக்காவில் பிறந்த ஃபிராங்க் சில்வெரா லியராகவும் ராஸ்கோ லீ பிரவுன் விதூஷகனாகவும் நடித்துவிட்டார்கள். வெளிர்நிறம் கொண்ட சில்வெரா இத்தாலியர், மெக்சிகோக்காரர் என்று பல இன வேடங்களை ஏற்றுவந்தவர். அவரைப் பார்ப்பவர்கள் நிறத்தை மறந்துவிட முடிந்தது. ஜோன்ஸைப் பார்த்து யாரும் மறக்க முடியாது. 1973-ன் முக்கியத்துவம் அதில்தான் இருக்கிறது. எட்வின் ஷெரின் இயக்கிய அந்த நாடகத்தின் ஒளிப்பதிவு மறு ஆண்டு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ராஜ்யத்தைப் பங்கிடும் காட்சியில் 42 வயது ஜோன்ஸ் கிழவராக அமர்ந்து மகள்களைப் பேசச் சொல்கிறார். மூன்று மகள்களும் அவர் ஜாடையில் நிற்கிறார்கள். தன் இரத்தம் தனக்கு எதிராகத் திரும்பியது என்று அவர் கதறும்போது அந்த ஒற்றுமை நமக்கு வலிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போட்ட தேர்வு அல்ல இது. ஒரு குடும்பத்தைக் குடும்பமாகவே யோசித்துத் தேர்ந்திருக்கிறார்கள். குளோஸ்டர் வீட்டில் மட்டும் தகப்பன் ஒரு சாயல், புறக்கணிக்கப்பட்ட மகன் வேறு சாயல். எட்மண்டின் மனக்கசப்புக்கு வசனத்துக்கு வெளியிலும் ஒரு காரணம் தெரிகிறது.

ரவுல் ஹூலியா அந்த மேடைக்கு வந்த வழியும் சொல்லத்தக்கது. 1966-ல் பாப்பின் நடமாடும் மேடை ஸ்பானிய மொழியில் 'மேக்பெத்' நடத்தியது. போர்ட்டோ ரிக்கோ மக்கள் வாழும் தெருக்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஷேக்ஸ்பியர் போனார். அதில் மேக்டஃப் வேடம் ஹூலியாவுக்கு. பிறகு வாய்ப்பில்லாமல் தவித்தபோது எந்த வேலையானாலும் பரவாயில்லை என்று பாப்பிடமே கேட்டார். அரங்கைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி வேலையைக் கொடுத்தார் பாப். அங்கிருந்து எட்மண்ட், பெட்ரூக்கியோ, ஒத்தெல்லோ வரை உயர்ந்தார். வேடம் இல்லாத மாதங்களில் நடிகன் வாடகை கட்ட வேண்டும் அல்லவா? வசதியான குடும்பத்துப் பிள்ளை வாய்ப்புக்காகக் காத்திருப்பான்; மற்றவன் வேறு வேலைக்குப் போய்விடுவான். நடிகர்களை நடுவில் உதிரவிடாமல் வைத்துக்கொள்வது தயாரிப்பாளர் ஒருவரால் மட்டுமே முடிகிற காரியம்.

ஷேக்ஸ்பியர் ராஜாக்களாகக் கறுப்பினத்தவரை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதும் பாப்புக்குத் தெரிந்திருந்தது. லஃபாயட் தெருவில் இடிக்கப்பட இருந்த பழைய ஆஸ்டர் நூலகக் கட்டிடத்தைக் காப்பாற்றி, 1967-ல் அங்கே பப்ளிக் தியேட்டரைத் திறந்தார். ஒரு காலத்தில் யூதக் குடியேறிகளுக்கு உதவும் சங்கம் இயங்கிய கட்டிடம் அது. புதிய நாடகாசிரியர்களுக்கென்றே அதை ஒதுக்கினார். கிரீனிச் வில்லேஜ் மதுக்கடை ஒன்றில் பரிமாறுபவராக இருந்த சார்லஸ் கார்டோன் எழுதிய நாடகம் 1969-ல் அங்கே அரங்கேறி, 1970-ல் புலிட்சர் பரிசு பெற்றது. நாடகத்துக்கு அந்தப் பரிசு பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்தான். சிங் சிங் சிறையில் இருந்தபோது மிகேல் பின்யேரோ எழுதிய 'ஷார்ட் ஐஸ்' 1974-ல் பப்ளிக் தியேட்டருக்கு வந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்களே அதில் நடித்தார்கள். என்டோசாகே ஷாங்கே எழுதி ஏழு கறுப்பினப் பெண்கள் நடித்த கவிதை நாடகம் 1976-ல் பப்ளிக்கிலிருந்து பிராட்வேக்குப் போய் 742 காட்சிகள் நடந்தது.

இதற்கெல்லாம் பணம்? 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகத்திலிருந்து வந்தது. பப்ளிக் தியேட்டரின் பட்டறையில் உருவாகி, 1975-ல் பிராட்வே போய், 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. அந்த லாபத்தைப் பாப் தன் பைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் விற்காத மேடைகளையும் பெயர் தெரியாத எழுத்தாளர்களையும் அந்தப் பணம் தாங்கியது. பணக்கார அரங்கிலும் அவர் முயன்று பார்த்தார். 1973-ல் லிங்கன் சென்டரின் நாடகப் பொறுப்பை ஏற்று, கறுப்பின எழுத்தாளர்களின் நாடகங்களை அந்தப் பளிங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோனார். சந்தா கட்டிய பார்வையாளர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1977-ல் விட்டுவிட்டு வந்தார். மேடையை மாற்ற முடிந்தவருக்கு அங்கே இருக்கையை மாற்ற முடியவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. டென்மார்க் அரசன் எப்படிக் கறுப்பாக இருப்பான் என்ற கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்மார்க்காரர்கள் ஆங்கிலச் செய்யுளில் பேசுவதையும், ஷேக்ஸ்பியர் காலத்தில் பையன்கள் ஜூலியட்டாக நடித்ததையும் ஏற்றுக்கொள்பவர்களுக்குத் தோல் நிறம் மட்டும் உறுத்துகிறது என்றால், உறுத்துவது நாடக நியாயம் அல்ல. இந்த உறுத்தல் விமர்சனப் பக்கங்களிலும் வெளிப்பட்டது. 1989-ல் 'குளிர்காலக் கதை'யில் நடித்த ஒரு கறுப்பின நடிகையின் தோற்றத்தையும் ஒரு யூத நடிகரின் தோற்றத்தையும் வார இதழ் ஒன்றின் விமர்சகர் இழிவுபடுத்தியபோது, அவரை வேலையை விட்டு நீக்குங்கள் என்று பாப் பகிரங்கமாகக் கேட்டார். தன் நடிகர்களுக்காகத் தயாரிப்பாளர் தெருவில் இறங்குவது அரிதாக நடப்பது. அப்போது நாட்டின் நிலைமை என்ன? நடிகர் சங்கம் 1986-ல் முடித்த ஆய்வின்படி அமெரிக்கத் தொழில்முறை நாடகங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளை நடிகர்களை மட்டுமே கொண்டு நடந்தவை. பாப் 30 ஆண்டுகள் உழைத்த பிறகு இந்த நிலை.

ஆகஸ்ட் வில்சன் எழுப்பிய எதிர்ப்பு வேறு வகையானது. அதை மறுத்துவிட்டு நகர முடியாது. கறுப்பின வாழ்வைப் பத்து நாடகங்களாக எழுதிய அந்த மாபெரும் நாடகாசிரியர் 1996 ஜூனில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். நிறம் பாராத நடிகர் தேர்வு கறுப்பினத்தவருக்குச் செய்யும் உதவி அல்ல, அவர்களுடைய வரலாற்றையும் உடலையும் அழிக்கும் வேலை என்றார். வெள்ளையரின் நாடகங்களில் கறுப்பு நடிகருக்கு இடம் கொடுத்துவிட்டு, கறுப்பினத்தவரே நடத்தும் அரங்குகளுக்கு நிதி மறுக்கிறீர்கள் என்றார். பெரிய வட்டார அரங்குகள் 66 இருக்க, அதில் ஒன்றுதான் கறுப்பினத்தவருடையது என்று சுட்டிக்காட்டினார். மறு ஆண்டு ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் விமர்சகர் ராபர்ட் புருஸ்டைனும் வில்சனும் நேருக்கு நேர் விவாதித்தபோது அரங்கு நிரம்பி வழிந்தது.

நடிகர் தேர்வைப் பற்றி வில்சன் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஜோன்ஸின் லியர் யாருடைய வரலாற்றையும் அழிக்கவில்லை. அவருடைய குரலுக்குள் மிசிசிப்பி இருந்தது. ஆனால் பணத்தைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. ஷாங்கேயின் நாடகத்தையே பாருங்கள். மதுக்கூடங்களில் வாசிக்கப்பட்டுவந்த அந்த எழுத்தை ஹென்றி தெருவில் முதலில் முழு நாடகமாக ஏற்றியவர் வுடி கிங் ஜூனியர். 1970-ல் நியூ ஃபெடரல் தியேட்டரைத் தொடங்கிய கறுப்பினத் தயாரிப்பாளர். நாடகாசிரியர் எட் புல்லின்ஸின் நாடகம் ஒன்றும் அப்படித்தான் கிங்கிடமிருந்து பாப்புக்குப் போனது. பாப் கெட்ட எண்ணத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்தே தயாரித்தார்கள். ஆனாலும் கண்டெடுத்து வளர்த்தவர் பெயர் பின்னால் போய், பெரிய கட்டிடம் வைத்திருந்தவர் பெயர் முன்னால் நின்றது. ஒரு வெள்ளைத் தயாரிப்பாளரின் நல்ல மனதை நம்பி ஒரு இனத்தின் நாடகம் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாப்பும் சறுக்கியிருக்கிறார். கறுப்பின, லத்தீன் நடிகர்களை மட்டும் கொண்டு ஒரு ஷேக்ஸ்பியர் குழுவை 1979-ல் தொடங்கினார். மார்கன் ஃப்ரீமன் கொரியலேனஸாகவும் குளோரியா ஃபாஸ்டர் அவன் தாயாகவும் நடித்தார்கள். சிறு வேடத்தில் டென்சல் வாஷிங்டன் என்ற இளைஞர் இருந்தார். குழு நீடிக்கவில்லை. செய்யுள் பேசப் பழக நடிகர்களுக்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. கிடைத்தது ஓரிரு பருவம். 1970-களின் இறுதியில் பப்ளிக் தியேட்டரிலேயே ஆசிய வேடம் ஒன்றில் வெள்ளை நடிகரைப் போட்டபோது ஆசிய அமெரிக்க நடிகர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாப் வாதாடவில்லை. அவர்கள் சொல்வது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, ஆசிய அமெரிக்கர்களின் நாடகங்களைத் தேட ஆள் வைத்தார். 1980-ல் டேவிட் ஹென்றி ஹுவாங் என்ற இருபத்துச் சொச்ச வயது இளைஞரின் முதல் நாடகம் அங்கே அரங்கேறியது இப்படித்தான்.

1991-ல் பாப் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் பப்ளிக் தியேட்டரின் தலைமைக்கு ஜார்ஜ் சி. வுல்ஃப் வந்தார்; கறுப்பின இயக்குநர். அவர் காலத்தில் அங்கே நடந்த நாடகத்துக்காக சூசன்-லோரி பார்க்ஸ் 2002-ல் புலிட்சர் பெற்றார். நாடகத்துக்கு அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் நடிகர்களும் நின்ற 'ஹாமில்டன்' 2015-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. பிராட்வே போனதும் அதன் டிக்கெட் நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறியது. மேடை பல நிறம், இருக்கை பழைய நிறம். பாப் மோசஸோடு சண்டை போட்டதன் காரணம் இங்கே மறந்துபோயிற்று. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட சில நாட்களில், வெள்ளையரல்லாத நாடகக் கலைஞர்கள் 300-க்கும் மேற்பட்டோர் அமெரிக்க வெள்ளை நாடக உலகுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். தொடர்ந்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் வேடங்கள் மட்டும் இல்லை. நிர்வாகக் குழு, ஒளியமைப்பு, ஒப்பனை, விமர்சனம், நிதி என எல்லாம் இருந்தன.

ஆக, அடுத்த வேலை எங்கே என்பது தெளிவாகத்தான் இருக்கிறது. 1971-ல் பப்ளிக் தியேட்டர் கடனில் தத்தளித்தபோது நியூயார்க் நகராட்சி அந்தக் கட்டிடத்தை வாங்கி, ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்குப் பாப்பிடமே திரும்பக் கொடுத்தது. அந்தக் கூரை இல்லாமல் மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் நடந்திருக்காது. அதே ஆண்டுகளில் வுடி கிங் ஜூனியர் தன் குழுவோடு பிறர் அரங்குகளில் இடம் கேட்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். 2021-ல் நடந்த டோனி விருது விழாவில் நியூ ஃபெடரல் தியேட்டருக்குச் சிறப்புக் கௌரவம் தந்தார்கள். குழு தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பாப்புக்குச் செய்த ஏற்பாட்டை, கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் ஆசிய அமெரிக்கர்களும் நடத்தும் குழுக்களுக்கு அந்த நகராட்சியும் மற்ற நகராட்சிகளும் செய்துதர வேண்டும்: சொந்தமாக ஒரு கட்டிடம், 1 டாலர் வாடகை, நீண்டகால ஒப்பந்தம்.